பறவைக்காகப் பதவி துறந்தவர்

அமெரிக்காவில் சிக்காகோ நகருக்கு அருகேயுள்ள வின்னெட்கா என்னும் ஊரில் 1901ஆம் ஆண்டு பிறந்தவர் எலியட் போர்ட்டர். செல்வக் குடும்பம். மெயின் மாநிலத்துக் கடலில் அவர் தந்தையார் ஒரு தீவையே வாங்கியிருந்தார். கோடைதோறும் குடும்பம் அங்கே சென்று தங்கும். சிறுவனின் பெட்டிக் காமிரா அத்தீவின் பறவைகளைத்தான் நாடியது.

படித்ததோ அறிவியல். ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் 1929இல் மருத்துவப் பட்டம் பெற்றார். நோயாளிகளைப் பார்க்கும் தொழிலை நாடாமல், அங்கேயே உயிர்வேதியியல் ஆராய்ச்சியில் அமர்ந்தார். ஓய்வு நேரமெல்லாம் காமிராவோடுதான்.

நியூயார்க்கில் கலைக்கூடம் நடத்திவந்த ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் அந்நாளில் நிழற்படக் கலையின் பேராசான். தம் படங்களை அவரிடம் கொண்டுபோய்க் காட்டுவார் போர்ட்டர். இன்னும் உழைக்கச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார் பெரியவர். ஒரு நாள், இரு நாள் அன்று. ஆண்டுக் கணக்கில் நடந்தது இது. இறுதியில் 1938 டிசம்பரில் ஸ்டீக்லிட்ஸே அப்படங்களைத் தம் கூடத்தில் காட்சிக்கு வைத்தார். அடுத்த ஆண்டே போர்ட்டர் பல்கலைக் கழகப் பதவியைத் துறந்தார். வயது முப்பத்தேழு, நிலையான பணி. நம்மில் எத்தனை பேருக்கு அத்துணிவு வரும்? செல்வம் கைகொடுத்தது உண்மைதான். ஆயினும் செல்வர் எல்லோரும் இதைச் செய்துவிடவில்லையே!

பறவைப் படங்களை நூலாக்க விரும்பிப் பதிப்பகத்தாரை அணுகினார். கறுப்பு வெள்ளைப் படத்தில் இன்ன பறவை என்று இனங்காண இயலாது என்று மறுத்துவிட்டனர். சோர்ந்தாரா? அப்போதுதான் புதிதாக வந்திருந்த கோடக்குரோம் வண்ணப் படச்சுருளைக் கையிலெடுத்தார். அது ஒளியை மெல்ல ஏற்கும். பறவையோ இமைப்பொழுதில் பறந்துவிடும். ஆகவே கூட்டின் அருகே மேடை கட்டி, மின்னொளி விளக்குகளைக் காமிராவோடு இணைத்து, இரை கொண்டுவரும் தாய்ப்பறவைக்காக மணிக்கணக்கில் காத்திருந்தார்.

இங்கே ஒரு சங்கடம். வண்ணம் விளம்பரத்துக்கு உரியது, கலைக்கு ஆகாது என்பது அக்காலக் கலைஞர் பலரின் கருத்து. பறவை நூலாருக்கு வேண்டியது அடையாளம். கலைஞருக்கு வேண்டியது கறுப்பு வெள்ளை. போர்ட்டர் இரு சாராருக்கும் வளைந்து கொடுக்கவில்லை. சிறகின் ஒவ்வொரு தூவியும் தெரிய வேண்டும். கூடும் கிளையும் இலையும் ஓவியம்போல் அமையவும் வேண்டும். தம் படங்களைத் தாமே அச்சிட்டார். மூன்று சாயங்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் தாளில் பதியவைக்கும் கடினமான முறை அது. மருத்துவ ஆய்வுக்கூடத்துப் பழக்கம் அங்கே பயன்பட்டிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1943இல் நியூயார்க் நவீனக் கலைக்கூடம் அவருடைய வண்ணப் பறவைகளைத் தனிக் காட்சியாக வைத்தது. பறவைகளைக் காண வந்தோரும் கலையைக் காண வந்தோரும் ஒரே சுவரின் முன் நின்றனர்.

பின்னர் இயற்கைக் காட்சிகளிலும் அவர் மனம் சென்றது. கொலராடோ ஆற்றின் கிளென் பள்ளத்தாக்கைப் படம்பிடித்து 1963இல் நூலாக்கினார். அவ்வாண்டே அணையின் மதகுகள் அடைபட்டன. பள்ளத்தாக்கு நீரில் மூழ்கத் தொடங்கியது. அப்படங்கள் நிலைத்தன.

1979இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடம் ஒரே கலைஞரின் வண்ண நிழற்படங்களுக்கென முதன்முறையாகத் தனிக் காட்சி நடத்தியது. அக்கலைஞர் போர்ட்டர். 1990இல் நியூ மெக்சிகோவின் சாண்டா ஃபே நகரில் அவர் காலமானார். அவருடைய படச் சேமிப்பு டெக்சாஸ் மாநிலத்து ஃபோர்ட் வொர்த் நகரிலுள்ள ஏமன் கார்ட்டர் கலைக்கூடத்தில் இருக்கிறது.