சார்லி டெய்லர்: முதல் விமான எஞ்ஜினைச் செய்த மெக்கானிக்

ரைட் சகோதரர்களைத் தெரியாதவர் நம் கல்லூரியில் யாரும் இருக்க மாட்டார்கள். அவர்களுடைய எஞ்ஜினைச் செய்த கை யாருடையது என்று கேட்டால்தான் முழிப்போம்.

சார்லஸ் டெய்லர் 1868 மே 24-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். சின்ன வயசிலேயே வேலைக்குப் போய்விட்டார். டிகிரி, டிப்ளமோ எதுவும் கிடையாது. 1901-ல் டேட்டன் நகரில் ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடையில் சேர்ந்தார். வாரச் சம்பளம் 18 டாலர்.

விமானத்துக்கு எடை குறைந்த எஞ்ஜின் கேட்டு கம்பெனிகளுக்கு எழுதிப் பார்த்தார்கள். யாரும் முன்வரவில்லை. பொறுப்பு சார்லி தலையில் விழுந்தது. முறையான டிராயிங்கூட இல்லை. துண்டுக் காகிதத்தில் வரைந்ததை பெஞ்சுக்கு மேலே குத்தி வைத்துக்கொண்டு, லேத்தையும் ட்ரில்லிங் மெஷினையும் நம்பி இறங்கினார். ஆறே வாரத்தில் நாலு சிலிண்டர் எஞ்ஜின் தயார்! 1903 பிப்ரவரியில் ஓட்டிப் பார்த்தபோது பேரிங் இறுகி, அலுமினியக் கிராங்க்கேஸ் உடைந்தது. மறுபடி வார்த்தார்கள்.

சூடுதான் அந்த எஞ்ஜினுக்குப் பெரிய வியாதி. சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் உண்டு, வால்வுப் பெட்டியைச் சுற்றிக் கிடையாது. தண்ணீரைச் சுற்றவைக்கும் பம்ப்பும் இல்லை. ஆவியாகிப் போகிற தண்ணீரை ஈடுகட்ட, இறக்கைகளுக்கு நடுவே உள்ள கம்பத்தில் ஒரு நீளக் குழாய்த் தொட்டி, அவ்வளவுதான். ஸ்டார்ட் செய்ததும் 16 குதிரைத்திறன் வரும். ஓரிரு நிமிஷத்தில் வால்வுப் பெட்டி செக்கச்செவேலென்று ஆகிவிடும். உள்ளே போகிற காற்றும் சூடேறி விரிந்து, சிலிண்டருக்குள் அடையும் அளவு குறைந்துவிடும். திறன் 12-க்கு இறங்கும். நல்லவேளை, சகோதரர்கள் எதிர்பார்த்தது 8 தான்! அந்த உபரியால் இறக்கைகளைப் பலப்படுத்த 150 பவுண்டு கூடுதல் எடை கிடைத்தது. 1903 டிசம்பர் 17-ல் விமானம் பறந்தபோது சார்லி அங்கே இல்லை, டேட்டனில் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று சின்ன பிஸ்டன் விமானம் ஓட்டுகிறவருக்குச் சிலிண்டர் ஹெட் சூட்டைக் காட்ட மீட்டர் இருக்கிறது. பல லைகாமிங் எஞ்ஜின்களில் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. சூடு ஏறினால் மூக்கைத் தாழ்த்தி வேகம் கூட்டுவார், அல்லது பெட்ரோல் கலவையைக் கெட்டியாக்குவார். சார்லிக்கு மீட்டர் ஏது? கண்ணும் காதும்தான்.

பின்னாளில் கலிபோர்னியாவில் வாங்கிய நிலத்தில் பணத்தை இழந்தார். 1930-களில் ஹென்றி ஃபோர்டின் ஆட்கள் தேடிப் பிடித்தபோது, ஒரு விமானத் தொழிற்சாலையில் மணிக்கூலிக்கு வேலை செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் நின்றவர்களுக்கே அவர் யாரென்று தெரியாது, அவரும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆர்வில் ரைட் தம் உயிலில் வருஷம் 800 டாலர் எழுதி வைத்திருந்தார். விலைவாசி ஏறியதில் அது எந்த மூலைக்கு? கடைசிக் காலத்தில் தர்ம வார்டில் கிடப்பது தெரிந்து விமானத் துறையினர் பணம் திரட்டி வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். 1956 ஜனவரி 30-ல், 87 வயதில் காலமானார்.