செஸாரே லொம்ப்ரோஸோ

மனிதன் குற்றஞ் செய்வது தன் மனத்தின் இச்சையினாலோ, அன்றித் தேகத்தின் அமைப்பினாலோ என்னும் வினா மிகப் பழமையானது. அவ்வினாவுக்கு அளவுகோலுங் கையுமாய் விடைகாணப் புகுந்தவர் இத்தாலி தேசத்து வைத்தியராகிய செஸாரே லொம்ப்ரோஸோ. அவருடைய சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம். அவர் கண்ட உண்மையினும் அவர் செய்த பிழையே நமக்கு மிக்க பயன் தருவதாகும்.

லொம்ப்ரோஸோ 1835ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 6ஆம் தேதி வெரோனா நகரில் ஒரு யூத குடும்பத்திற் பிறந்தார். பாவியா நகரத்துச் சர்வகலாசாலையில் வைத்தியங் கற்று 1858இற் பட்டம் பெற்றார். மறு ஆண்டில் இராணுவ வைத்தியராய் அமர்ந்து, போர்வீரர் பல்லாயிரவருட் பலருடைய தேகங்களை அளந்து குறித்துவந்தார். 1862இல் தென்கோடியிலுள்ள கலாப்ரியா நாட்டிற்கும் சென்று, அங்குள்ள எளிய குடிகளின் வாழ்க்கையை நேரிற் கண்டார். பின்னர்ப் பித்தர் சாலைகளிலும் உழைத்தார்.

அக் கலாப்ரியாவிற் பிறந்த வில்லெல்லா என்னும் முதியவர் ஒருவர், திருட்டுக்காகச் சிறைப்பட்டு, 1864இற் பாவியாவில் இறந்தார். அவருடைய மண்டையோட்டின் உட்புறத்தே, பின்பக்கத்து அடியில், மேடாயிருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழி இருக்கக் கண்டார் லொம்ப்ரோஸோ. இத்தகைய குழி கீழ்ப்பிராணிகளிடத்துக் காணப்படுவதாதலின், குற்றவாளி என்பான் நாகரிக மக்களிடையே மீண்டும் தோன்றிய ஆதிமனிதனே என்று அவர் துணிந்தார்.

இக்கொள்கையை விரித்து 1876இற் குற்றவாளியைப் பற்றிய தமது பெருநூலை வெளியிட்டார். அவ்வாண்டே துரின் நகரத்துச் சர்வகலாசாலையில் ஆசிரியருமானார். பெருந்தாடை, நீண்ட கைகள், புடைத்த செவிகள், நோவறியாமை, பச்சை குத்திக்கொள்ளுதல் முதலியவற்றைப் பிறவிக் குற்றவாளியின் அடையாளங்களென எண்ணினார். ஒரே புத்தகமாய்த் தொடங்கிய அந்நூல், ஐந்தாம் பதிப்பிற் பல பாகங்களாய்ப் பெருகிற்று. பதிப்புத்தோறும் வறுமை, மது, கல்வியின்மை ஆகிய காரணங்களுக்கும் அவர் இடந்தந்தார். பிறவிக் குற்றவாளிகள் எல்லாக் குற்றவாளிகளும் அல்லர், மூன்றிலொரு பங்கினரேயென்றும் குறைத்துக்கொண்டார். எனினும் முதற் கொள்கையை முற்றும் கைவிட்டாரல்லர். 1909ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 19ஆம் தேதி துரினிற் காலஞ்சென்றார்.

அவர் மறைந்த நான்காம் ஆண்டில், 1913இல், சார்லஸ் கோரிங் என்னும் ஆங்கிலச் சிறைவைத்தியர், ஏறக்குறைய 3000 கைதிகளை அளந்து மற்றையோருடன் ஒப்பிட்ட நூல் வெளிவந்தது. குற்றவாளிக்கெனத் தனி உருவம் யாண்டுமில்லை என்பதே அதன் முடிபு. லொம்ப்ரோஸோ பிழைத்த இடம் எளிதிற் புலனாகும். சிறையிலிருப்போரை அளந்தாரேயன்றி, அதே ஊரினராய், அதே வறுமையினராய்ச் சிறைக்கு வெளியே நேர்மையாய் வாழ்ந்தோரை அவ்வாறே செவ்வனே அளந்து ஒப்பிட்டாரல்லர். தென்னாட்டு ஏழைகளைத் தாழ்ந்த இனத்தாரென வடநாட்டார் கொண்டிருந்த எண்ணமும் அவருடைய அளவுகோலிற் கலந்துவிட்டது. யூதர்மீது பிறர் கொண்ட பகைமையைக் கண்டித்து 1894இல் நூலெழுதிய அவரே, பிறரை இங்ஙனம் இனத்தால் எடைபோட்டது வருந்தத்தக்கது.

ஆயினும், குற்றத்தை மாத்திரம் நோக்கித் தண்டனை விதித்துவந்த காலத்தில், குற்றஞ் செய்தவனையும் ஆராய்தல் வேண்டுமென்று உலகினரை நோக்கச் செய்த பெருமை அவருடையதே. பரம்பரையும் மூளையும் மனிதனுடைய நடத்தையைப் பாதிக்கலாமென்று இக்கால ஆராய்ச்சியாளரும் ஒப்புவர். ஆனால் அவை வளர்ப்போடும் சூழலோடும் கலந்தே தொழிற்படுகின்றன, விதியாய் நில்லா என்பர். அறியப்படாத குற்றவாளியின் இயல்பை ஊகிக்கும் இக்காலத்தாரும், முகத்தையன்று, குற்றம் நிகழ்ந்த இடத்தில் அவன் விட்டுச்சென்ற செயலின் சுவடுகளையே ஆராய்கின்றனர். அவ்வூகமும் தவறக்கூடும்.

வில்லெல்லாவின் மண்டையோட்டைத் திரும்பத் தருமாறு அவர் பிறந்த ஊரார் வழக்காடினர். 2012இற் கீழ்நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாய்த் தீர்த்தது; ஆயினும் 2019இல் நாட்டின் உயர்ந்த நீதிமன்றம், துரின் காட்சிச்சாலையிலேயே அஃது இருக்கலாமென முடிவுசெய்தது. லொம்ப்ரோஸோவின் விருப்பத்தின்படி வைக்கப்பட்ட அவருடைய எலும்புக்கூடும் அதே சாலையில் இருக்கின்றது. முன்னவர் சம்மதம் கேட்கப்படவில்லை. பின்னவர் தாமே ஈந்தார்.

கற்றறிந்து நாளை வைத்தியராகவும் வழக்கறிஞராகவும் நீதிபதிகளாகவும் ஆசிரியராகவும் அமரப்போகும் நம் மாணவர், ஒருவன் முகத்தையும் குலத்தையும் கண்டு அவன் நெஞ்சை அளந்துவிட்டதாக எண்ணாதிருப்பாராக.