மன்னரைத் தடுத்த டாக்டர்

1902-ம் ஆண்டு ஜூன் மாதம். லண்டன் நகரம் விழாக்கோலம் பூண்டிருந்தது. 26-ந் தேதி ஏழாம் எட்வர்டு மன்னருக்கு முடிசூட்டு விழா. பல நாட்டு விருந்தினர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

ஆனால் மன்னருக்கோ அடிவயிற்றில் கடும் வலி! விழாவை நிறுத்தக்கூடாது என்று அவர் பிடிவாதம் பிடித்தார். உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று ஒரு டாக்டர் அவரைத் தடுத்தார். அவர்தான் பிரடெரிக் டிரீவ்ஸ்.

ஏழை எளியவரின் டாக்டர்

டிரீவ்ஸ் 1853-ம் ஆண்டு இங்கிலாந்தில் டார்செஸ்டர் என்ற ஊரில் பிறந்தார். தந்தை, நாற்காலிகளுக்கு மெத்தை தைக்கும் தொழில் செய்தவர். டிரீவ்ஸ் டாக்டருக்குப் படித்து, லண்டன் ஆஸ்பத்திரியில் புகழ் பெற்றார். உருவம் சிதைந்து, 'யானை மனிதன்' என்று ஊரார் வேடிக்கை பார்த்த ஜோசப் மெரிக்குக்கு அந்த ஆஸ்பத்திரியில் ஆதரவாக இருந்தவர் அவரே.

குடல்வால் நோய்

பெருங்குடல் தொடங்கும் இடத்தில் விரல்போல் ஒரு சிறு குழாய் இருக்கிறது. அதுதான் குடல்வால். அது வீங்கிப் புண்ணாவதே 'அப்பெண்டிசைட்டிஸ்'. கவனிக்காமல் விட்டால் வெடித்து, வயிறு முழுவதும் சீழ் பரவும்.

அன்று எக்ஸ்ரே கண்டுபிடித்து ஏழே ஆண்டுகள் ஆகியிருந்தன. அதிலும் இந்த வீக்கம் தெரியாது. வயிற்றைத் தொட்டு அழுத்தியும், காய்ச்சலையும் நாடியையும் பார்த்துமே முடிவு செய்யவேண்டும். அவசரப்பட்டால் வீண் ஆபரேஷன். தாமதித்தால் மரணம்.

மகளை இழந்தார்

வலி தணியும் வரை பொறுத்திருப்பதே பெரும்பாலும் நல்லது என்று டிரீவ்ஸ் கருதி வந்தார். 1900-ம் ஆண்டு அவருடைய இளைய மகள் ஹெட்டி இதே நோயால் இறந்தாள். எத்தனையோ பேரைக் காப்பாற்றிய தந்தையால், பெற்ற மகளைக் காப்பாற்ற முடியவில்லை.

மன்னர் விஷயத்திலும் முதலில் காத்திருந்தே பார்த்தார்கள். நோய் தணிவதுபோல் காட்டி, மறுபடி முற்றியது. இனிப் பொறுப்பதில்லை என்று டிரீவ்ஸ் உறுதியாக நின்றார். மன்னர் இணங்கினார். 24-ந் தேதி பக்கிங்ஹாம் அரண்மனையிலேயே ஆபரேஷன் நடந்தது. குடல்வாலை வெட்டி எடுக்கவில்லை. தேங்கியிருந்த சீழை மட்டும் வெளியேற்றினார். மன்னர் பிழைத்தார். ஆகஸ்டு 9-ந் தேதி முடிசூடினார்.

டிரீவ்ஸ் 1923-ம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் காலமானார். வயிற்றின் உட்சவ்வில் ஏற்பட்ட அழற்சியே அவர் உயிரைக் குடித்தது.

இன்று

இன்று வயிற்றைத் திறக்காமலே உள்ளே பார்க்கலாம். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் முதலில் அல்ட்ராசவுண்டு பார்க்கிறார்கள். அதில் தெளிவாகத் தெரியாவிட்டால் எம்.ஆர்.ஐ. உதவுகிறது. அது காந்த சக்தியால் படம் எடுப்பது. எக்ஸ்ரே கதிர் இல்லை. குடல்வால் தடித்திருக்கிறதா, சுற்றிலும் நீர் கட்டியிருக்கிறதா என்று டாக்டர் அதில் கண்டுகொள்கிறார்.

தொப்புளருகே தொடங்கி, வலது அடிவயிற்றுக்கு இறங்கும் வலியை அலட்சியம் செய்யாதீர்கள். கைவைத்தியம் செய்து நாளைக் கடத்தாமல், உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.