சீகன்பால்கு ஐயர்

ஜெர்மனி நாட்டின் புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரில் 1682-ஆம் ஆண்டு பிறந்தவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. இளமையிலேயே அவர் பெற்றோரை இழந்தார். உயிர் பிரியும் வேளையில் அன்னையார், தம் மக்களுக்குத் தாம் வைத்துச் செல்லும் பெருஞ்செல்வம் விவிலியத்தில் உளது என்று கூறினார் என்பர்.

1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். 1708-ஆம் ஆண்டு அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கினார். ஒரு திங்கள் கழிந்ததும் இடையூறு நேர்ந்தது. டேனியக் கோட்டைத் தலைவரின் சினத்திற்கு ஆளாகிச் சிறையிடப்பட்டார். ஆர்வத்தோடு தொடங்கிய பணி அரைகுறையாய் நின்றது.

வெளியுலகம் மறைந்த அந்நாளில், அன்னையார் காட்டிய செல்வமே அவருக்கு ஆறுதலாயிற்று. பவுல் முதலிய அடியார்களும் சிறையிருந்தே பணி புரிந்தனர் என்பதை அம்மறைநூலில் அவர் கற்றிருந்தார் அல்லரோ? வேண்டுதலிலும் எழுத்திலும் நான்கு திங்களைக் கழித்தார்.

1709-இல் விடுதலை பெற்றவர், பகைமை பாராட்டாது மீண்டும் எழுதுகோலை ஏந்தினார். மொழிபெயர்ப்பு 1711-இல் நிறைவுற்றது. 1715-இல் தரங்கம்பாடியிலேயே அச்சேறியது. 1719-இல், தம் முப்பத்தாறாம் வயதில் மறைந்த அவர், அவ்வூரில் தாம் எழுப்பிய ஆலயத்திலேயே துயில்கின்றார்.

ஏமாற்றம் வந்துழித் தளராது, தாம் பெற்ற ஆறுதலைப் பிறர்க்கும் வழங்கியவர் அவர்.