இல்லத்தில் விளைந்த கவிதை

எட்டயபுரத்தில் 1882 டிசம்பர் 11ஆம் நாள் பிறந்த சுப்பிரமணிய பாரதியாரை விடுதலைக் கவிஞராக நாடறியும். அவர்தம் கவிதை விளைந்த இல்லத்தை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

1897இல் செல்லம்மாளை மணந்தார். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார். 1910இல் ‘இந்தியா’ இதழ் நின்றபின் வறுமை வீட்டில் குடிபுகுந்தது. ஆயினும் தங்கம்மாள், சகுந்தலா என்னும் மகளிர் இருவரும் வளர்ந்த அவ்வீட்டிலேதான் அவர் பாடல்கள் பல பிறந்தன. 1917இல் நூலாக வெளிவந்த கண்ணன் பாட்டில் இறைவன் தாயாய், தந்தையாய், குழந்தையாய், சேவகனாய் வீட்டுக்குள்ளேயே நடமாடுகின்றான்.

சமைக்க வைத்த அரிசியைப் பாரதியார் சிட்டுக்குருவிகளுக்கு இறைத்து மகிழ்ந்த செய்தியைச் செல்லம்மாள் நினைவுகூர்ந்துள்ளார். கவிஞருக்கு அது களிப்பு. உலையை எண்ணி நின்றவருக்கோ கவலை. இரண்டையும் சேர்த்தே அவ்வில்லறத்தை எடைபோடுதல் வேண்டும்.

1921 செப்டம்பரில், 39 வயது நிரம்புமுன், பாரதியார் மறைந்தார். அவர் நூல்களை அச்சேற்றும் பணியைப் பாரதி ஆசிரமத்தின் வாயிலாகத் தொடங்கியவர் அச்செல்லம்மாளே.

பத்தாண்டு கண்ட நம் வட்டத்துக் கவிஞர்கள் தியாகதுருகத்து மலையையும் கோட்டையையும் பாடுக. தத்தம் வீட்டு முற்றத்தையும் பாடுக. அம்முற்றத்தை நாளும் பெருக்குபவரை மறவாதிருக்க.