காது கொடுத்த டாக்டர் அம்மா

கட்டுமாவடி மீன் மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறீர்களா? மீன் ஏலம் என்றாலே ஒரே இரைச்சல்தான். அந்த இரைச்சலிலும் விலையைச் சரியாகக் காதில் வாங்குபவர்தான் மீனை எடுக்க முடியும். அதைவிடக் கஷ்டமான காரியம் ஒன்று உண்டு. வாய் திறந்து சொல்லப் பயப்படுபவர்களின் பேச்சைக் கேட்பது! அதைச் செய்த ஒருவர் உங்கள் மாவட்டத்தில் பிறந்தவர்தான். அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

புதுக்கோட்டை, மன்னர் ஆண்ட தனி சமஸ்தானமாக இருந்தபோது, 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி பிறந்தார். அப்பா நாராயணசாமி, மகாராஜா கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டிவிடும் தேவதாசி குலத்தில் பிறந்தவர். அந்தப் பெண்களை ஊர் எப்படிப் பேசும், எப்படி ஒதுக்கும் என்பதெல்லாம் சிறு வயதிலேயே முத்துலட்சுமிக்குத் தெரியும்.

பையன்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் ஒரு பெண் சேர்வதா என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அனுமதி கொடுத்தார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1912இல் டாக்டர் ஆனார். நோயைக்கூட ஆண் டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, வலியை மறைத்து வாழ்ந்த பெண்கள் அன்று ஏராளம். அவர்களுக்கு ஒரு பெண் டாக்டர் கிடைத்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்! 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்யும் முன், தன்னைச் சமமாக மதிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அவரும் சம்மதித்தார்.

1927இல் சென்னை மாகாண சட்டசபைக்குப் போனார். அங்கே அவர்தான் முதல் பெண் உறுப்பினர், துணைத் தலைவரும்கூட! பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அங்கே போராடினார். அந்தச் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது. இதில் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. தேவதாசிகளிலேயே ஒரு பகுதியினர் அந்தச் சட்டம் வேண்டாம் என்று மனு கொடுத்தார்கள். அவர்கள் குரலை அவர் போதுமான அளவு கேட்டாரா என்று இன்றைய ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

ஆனால் 1930 வாக்கில் நடந்ததைப் பாருங்கள். தேவதாசி குடும்பங்களைச் சேர்ந்த மூன்று சிறுமிகள், அந்த வாழ்க்கை வேண்டாம், படிக்க வேண்டும் என்று அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அவர் அவர்களை விரட்டவில்லை. சொன்னதைக் கேட்டார். விடுதிகளில் இடம் தேடினார். பிறப்பைக் காரணம் காட்டிக் கதவை மூடினார்கள். சரி, என் வீட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவெடுத்தார். அப்படிப் பிறந்ததுதான் ஔவை இல்லம். சென்னை அடையாறில் இன்றும் பெண் குழந்தைகள் அங்கே தங்கிப் படிக்கிறார்கள்.

தங்கை புற்றுநோயில் துடித்து இறந்ததை அவர் கண்ணால் பார்த்தார். புற்றுநோய்க்கு வைத்தியமே இல்லை என்று நம்பிய காலம் அது. பல ஆண்டுகள் விடாமல் பேசி, நிதி திரட்டி, 1954இல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கி வைத்தார். 1968இல் மறைந்தார்.

கர்ப்பிணிப் பெண்களுக்குத் தமிழக அரசு தரும் மகப்பேறு உதவித் திட்டத்துக்கு அவர் பெயர்தான். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள்.