தொடக்கப் பள்ளியே ஆய்வுக்கூடம்

பொருளாதாரம் பயின்றவன் என்ற முறையில், ஜான் டூயியை அம்பேத்கரின் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியராகவே நான் முதலில் அறிந்தேன். அவர் நடத்திய தொடக்கப் பள்ளியைப் பற்றிப் பின்னரே படித்தேன்.

1859-இல் அமெரிக்காவின் வெர்மான்டில் பிறந்த டூயி, 1894-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தத்துவத் துறைத் தலைவரானார். இயற்பியலுக்கு ஆய்வுக்கூடம் இருப்பதுபோல் கல்வியியலுக்கும் வேண்டும் என்பது அவர் வாதம். 1896 ஜனவரியில் 16 பிள்ளைகளுடன் அது தொடங்கியது.

அங்கே ஒரு வகுப்பினர் பருத்தியிலிருந்து கொட்டையைக் கையால் பிரித்தனர். அரை மணி நேரம் உழைத்தும் ஓர் அவுன்சு பஞ்சுகூடத் தேறவில்லை. முன்னோர் ஏன் கம்பளியை உடுத்தினர் என்பது அவர்களுக்கு விளங்கிவிட்டது. உழைப்பின் உற்பத்தித்திறனை விளக்க நான் கரும்பலகையில் எத்தனை வரைபடங்கள் வரைந்திருப்பேன்!

ஆசிரியர்கள் தாம் கண்டதை வாரந்தோறும் எழுதினர், கூடி விவாதித்தனர். பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அவர்களுக்குத் துணைநின்றனர். சிறுவர்க்குக் கற்பிப்பது அங்கு ஓர் அறிவுத்துறையாக மதிக்கப்பட்டது. நம் நாட்டிலோ தொடக்கக் கல்வி ஆசிரியர் பயிற்சி பெரும்பாலும் பல்கலைக்கழக வளாகத்துக்கு வெளியே, பட்டயப் படிப்பாகவே நின்றுவிட்டது. அந்த வகுப்பறையை ஆராய வேண்டியவர்களுக்கு அதனுள் இடமில்லை.

பள்ளியின் தலைமைப் பொறுப்பில் இருந்த மனைவி ஆலிஸின் பதவி குறித்து நிர்வாகத்துடன் எழுந்த பிணக்கால், டூயி 1904-இல் சிகாகோவை விட்டு விலகிக் கொலம்பியா சென்றார். 1952-இல் மறைந்தார். அப்பள்ளி சிகாகோவில் இன்றும் நடைபெறுகிறது.